இரைச்சல் நிற்கும் அறை

மாலை ஏழு மணி தாண்டியிருக்கும். மழை அப்போதுதான் விட்டிருந்தது. ஊர் முடிந்து, பூட்டிக் கிடக்கும் கிடங்குகளும் முடிந்து, அதற்கும் அப்பால் போகிற சாலை. ஒரு பக்கம் நீளமான மதில். மறுபக்கம் புதர். விளக்குக் கம்பங்கள் இருந்தன, விளக்குகள்தான் இல்லை. அந்தச் சாலையில் ஒரு ஸ்கூட்டர் போய்க்கொண்டிருந்தது. கால் வைக்கிற இடத்தில் கருவிப் பெட்டி. ஓட்டியவளின் முதுகில் உறை போட்ட ஒரு கிதார். அவள் தனியாகத்தான் போனாள்.

கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள். கதவை யாராவது சாத்துங்கள்... தாழ்ப்பாள் வேண்டாம், சும்மா சாத்தினால் போதும்.

அவள் வேறு யாருமில்லை. நம்ம டிரம்ஸ்காரனுடைய பெரியம்மா மகள். அவன் இதோ பக்கத்தில்தான் இருக்கிறான். கதையில் எங்கேயாவது கயிறு திரிக்கிற மாதிரி இருந்தால் அவனே நிறுத்திவிடுவான்.

ஆம்ப், ஸ்பீக்கர், மைக் என்று எது இரைந்தாலும் பழுதுபார்க்க அவள் கடைக்குத்தான் போகும். பாட்டுக் குழுக்காரர்கள் அவளுக்கு வைத்த பெயர் இரைச்சலக்கா. நேரில் கூப்பிட்டாலும் கோபித்துக்கொள்ள மாட்டாள். ஆனால் அவள் வசித்த இடத்தைப் போல் சத்தமில்லாத இடம் இருக்க முடியாது. கடைக்குப் பின்னால் ஒரே அறை. ஒரு கட்டில், ஒரு அடுப்பு, ஒரு ஆள். கல்யாணம் ஒன்று நடந்தது, ஒட்டவில்லை. அதைப் பற்றி அவளும் பேச மாட்டாள், யாரும் கேட்பதில்லை. சாப்பிடும்போது எதிரில் ஒரு பழைய ரேடியோவைப் பிரித்து வைத்துக்கொள்வாள். பாட்டுக் கேட்க இல்லை. எதிரில் ஏதாவது இருக்கட்டுமே என்று.

அன்றைக்கு அவளைக் கூப்பிட்டவர் ஓய்வுபெற்ற பஸ் டிரைவர். போனில் எப்போதும் "டிரைவர் பேசறேன்" என்றுதான் ஆரம்பிப்பார், பஸ் இன்னும் கையில் இருப்பது போல. கிதார் ஆம்பில் ஏதோ கோளாறு என்று அந்த வாரத்தில் பல தடவை கூப்பிட்டுவிட்டார். கடைக்குக் கொண்டுவாருங்கள் என்று அவள் சொல்லிப் பார்த்தாள். கடையில் காட்டாது, வீட்டில்தான் காட்டும், அதுவும் இருட்டின பிறகுதான் என்றார். அவளுக்கு அது புதிதில்லை. சில வீட்டில் வயரிங் சரியிருக்காது. சில வீட்டில் ராத்திரியானால் பக்கத்தில் யாராவது மோட்டார் போடுவார்கள். போய்ப் பார்த்தால் தெரிந்துவிடப் போகிறது.

சாலையின் கடைசி வீடு அது. முன்னறையில் ஒரு சோபா, துணி போட்டு மூடிய டிவி. அறுபத்தைந்து வயதுக்காரர், நேராக நிமிர்ந்து நடக்கிறவர், சட்டையைத் தேய்த்துப் போட்டிருந்தார். வீட்டில் வேறு யாரும் இல்லை என்பது வாசலிலேயே தெரிந்தது. ஒரே ஒரு ஜோடிச் செருப்பு.

உள்ளறை அவருடைய மகளுடையதாம். விரிப்பு மடிப்புக் கலையாத கட்டில். மேசைமேல் ஒரு சீப்பு. மூலையில் ஸ்டாண்டில் எலெக்ட்ரிக் கிதார், அதோடு வயரால் இணைத்து, பக்கத்தில், பழைய ரேடியோவில் இருப்பது போன்ற கண்ணாடி வால்வு வைத்த பழைய மாடல் ஆம்ப். அவர் ஸ்விட்சைப் போட்டார். வால்வுகள் மெல்லச் சூடேறின. சுட்ட தூசியின் மணம் வந்தது. பிறகு, சத்தம்.

ம்ம்ம்ம்ம்ம்...

ஒரே சீராக. அடிவயிற்றிலிருந்து யாரோ வாயை மூடிக்கொண்டு முனகுவது போல.

அவள் போய்க் கிதார்க் கம்பிமேல் உள்ளங்கையை வைத்தாள். சத்தம் சட்டென்று அடங்கியது. கையை எடுத்தாள். ம்ம்ம்ம். அவளுக்குச் சிரிப்பு வந்தது. இவ்வளவுதானா என்று. இது கோளாறே இல்லை என்று அவருக்கு விளக்கினாள். வீட்டு வயரில் ஓடுகிற கரண்ட் சும்மா இருக்காது, காற்றில் ஒரு இரைச்சலைப் பரப்பிக்கொண்டே இருக்கும். கிதார் அதைப் பிடிக்கும். கம்பியில் மனிதக் கை பட்டால் இரைச்சல் அடங்கிவிடும், கையை எடுத்தால் திரும்ப வரும். இந்த மாதிரிக் கிதார் எல்லாவற்றிலும் கொஞ்சம் இருக்கும்.

டிரைவர் பொறுமையாகக் கேட்டார். தலையாட்டினார்.

"அது தெரியும்மா. என் பொண்ணு சொல்லியிருக்கா. சத்தம் வர்றது பிரச்சினை இல்ல... நிக்கிறதுதான் பிரச்சினை."

அவளுக்குப் புரியவில்லை. என்ன நிற்கிறது?

"யாரும் தொடாம நிக்குதும்மா."

பிறகுதான் அவர் உட்கார்ந்து சொன்னார். மனைவி போய்ச் சேர்ந்தபோது மகளுக்கு ஆறு வயது. அப்புறம் அப்பாவும் மகளும்தான். அவர் டூட்டி முடிந்து வந்து முன்னறையில் படுத்தால், உள்ளே இந்த இரைச்சல் கேட்கும். இரைச்சல் கேட்டால் மகள் கிதாரைக் கீழே வைத்துவிட்டு ஏதோ எழுதுகிறாள் என்று அர்த்தம். நின்றால் கையில் எடுத்துவிட்டாள், இனி வாசிப்பாள். கண்ணை மூடிக்கொண்டே மகள் என்ன செய்கிறாள் என்று அவருக்குத் தெரியும். ஒருநாள் இரண்டு பேருக்கும் பெரிய சண்டை. எதற்கு என்று அவர் சொல்லவில்லை. மகள் ஒரு பையோடு கிளம்பிப் போய்விட்டாள். கிதாரைக்கூட எடுக்கவில்லை. வருஷக்கணக்காகிவிட்டது. கடிதம் இல்லை, போன் இல்லை.

வீடு சத்தமே இல்லாமல் கிடந்தது. பொறுக்க முடியாமல், சாப்பிட்டானதும் ஆம்பைப் போட்டுவிட்டு முன்னறையில் வந்து படுத்துக்கொள்ள ஆரம்பித்தார். உள்ளே மகள் எழுதிக்கொண்டிருக்கிறாள் என்று நினைத்துக்கொள்வார். தூக்கம் வரும். ஆனால் இந்த வருஷம்... சத்தம் தானாக நிற்கிறது. கொஞ்ச நேரம். பிறகு வருகிறது. திரும்ப நிற்கிறது. எழுந்து போய்ப் பார்த்தால் அறையில் யாரும் இல்லை.

சொல்லிவிட்டுத் தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"கோளாறுன்னு சொல்லிடுங்கம்மா. கோளாறுன்னா என் பொண்ணு எங்கேயோ நல்லாயிருக்கான்னு அர்த்தம். கோளாறு இல்லேன்னா..."

அவர் எழுந்து போய் மேசைமேல் இருந்த சீப்பை நேராக வைத்தார்.

அவரை முன்னறையில் இருக்கச் சொல்லிவிட்டு அவள் வேலையை ஆரம்பித்தாள். ஒரு இரைச்சலைப் பிடிக்க ஒரே வழிதான் உண்டு. ஒவ்வொன்றாகக் கழித்துக்கொண்டே வரவேண்டும். கடைசியில் எது மிஞ்சுகிறதோ அதுதான் குற்றவாளி. அவள் முதலில் கிதாரையும் ஆம்பையும் இணைக்கும் வயரை மாற்றினாள், தன் பெட்டியிலிருந்த புது வயரைப் போட்டாள். தரையில் சுவரோரம் உட்கார்ந்தாள். காத்திருந்தாள்.

ம்ம்ம்ம்ம்...

வெளியே கூரையிலிருந்து நீர் சொட்டியது. முன்னறையில் டிரைவர் ஒருமுறை தொண்டையைச் செருமினார். வேறு சத்தம் இல்லை. அவளுக்கே கண் சொக்கியது...

நின்றது.

சத்தம் நின்ற விதம்தான் அவளை உலுக்கியது. ஒயர் லூசாக இருந்தால் ஆம்ப் படபடவென்று பொரியும், நிற்கும், பொரியும். இதில் அப்படி எதுவும் இல்லை. நிற்பதற்கு முன்னால் ஒரு மெல்லிய 'சர்ர்...' கேட்டது. தடித்த கம்பிமேல் விரல் வழுக்கி உட்கார்ந்தால் வருகிற சத்தம். அவள் வாழ்நாளில் லட்சம் தடவை கேட்டிருப்பாள்.

கம்பிகளைப் பார்த்தாள். ஆறும் அசையாமல் இருந்தன.

பிறகு, கையை எடுத்தாற்போல், ம்ம்ம்ம்ம்...

டியூப் லைட்டை அணைத்தாள். சில டியூப் லைட் இரைச்சலைக் கிளப்பும். இருட்டில் ஆம்பின் சின்னச் சிவப்பு விளக்கு மட்டும் எரிந்தது. நின்றது, வந்தது. சமையலறைக்குப் போய் ஃபிரிட்ஜைப் பிடுங்கினாள். நின்றது, வந்தது. வேறு ப்ளக் பாயிண்ட்டிலிருந்து கரண்ட் எடுத்தாள். வால்வுகளைப் பென்சிலால் ஒவ்வொன்றாகத் தட்டினாள்; கெட்டுப்போன வால்வு தட்டினால் கத்தும், ஒன்றும் கத்தவில்லை. கிதாரின் பின்மூடியைக் கழற்றி உள்ளே பார்த்தாள். ஒவ்வொரு ஒயரும் உறுதியாக இருந்தது. பற்றவைத்தவன் நல்ல வேலைக்காரன்.

பிறகு கிதாரையும் ஆம்பையும் தூக்கிக்கொண்டு போய் முன்னறையில் வைத்தாள். டிரைவர் சோபாவில் ஒதுங்கிக்கொண்டார். இரண்டு பேரும் பேசாமல் உட்கார்ந்து கேட்டார்கள். இரைச்சல் நிற்கவே இல்லை. வெகுநேரம். அவர் கொண்டுவந்து கொடுத்த டீ ஆறிப்போயிற்று. திரும்ப உள்ளறையில் கொண்டுபோய் வைத்தாள். வைத்துவிட்டு அவள் நிமிர்வதற்குள்...

சர்ர். அமைதி.

இன்னும் ஒன்று பாக்கி இருந்தது. தன் முதுகில் சுமந்து வந்த கிதார். சோதனைக்கென்றே அவள் வைத்திருப்பது. அதற்குள் எந்த ஒயர் எங்கே போகிறது என்று கண்ணைக் கட்டிவிட்டாலும் சொல்வாள். அதை ஸ்டாண்டில் வைத்து இணைத்தாள். அதுவும் இரைந்தது. அவள் பென்சிலைக் கையில் வைத்துக்கொண்டு எதிரில் குந்தி உட்கார்ந்தாள். அடுத்த தடவை நின்றதும் ஒன்று செய்து பார்க்க வேண்டும் என்று தோன்றியிருந்தது. ஏன் தோன்றிற்று என்று பின்னால் நொந்துகொண்டாள்.

நின்றது.

பென்சில் நுனியால் ஒரு கம்பியைச் சுண்டினாள்.

கிதார்க் கம்பி சுண்டினால் ஒலிக்கும். சிறுபிள்ளைக்கும் தெரியும். இது ஒலிக்கவில்லை. 'டொப்' என்றது. இன்னொரு கம்பி. 'டொப்.' ஒரு கை எல்லாக் கம்பிமேலும் படிந்திருந்தால், அப்போது சுண்டினால், அப்படித்தான் கேட்கும்.

நெடுங்காலம் பூட்டிவைத்த பெட்டியைத் திறந்தால் ஒரு வாடை வருமே, அது வந்தது. பக்கத்தில், முகத்துக்கு நேராக.

பிறகு இரைச்சல் திரும்பியது. அவள் சுண்டினாள். கம்பி கணீரென்று ஒலித்தது.

ஆம்ப் இல்லை, வயர் இல்லை, லைட் இல்லை, கிதாரும் இல்லை. எல்லாவற்றையும் கழித்தாயிற்று. மிஞ்சியது அந்த அறை.

அவள் எழுந்து திரும்பினாள். வாசற்படியில் டிரைவர் நின்றிருந்தார். எவ்வளவு நேரமாக நிற்கிறாரோ. கதவு நிலையைப் பிடித்திருந்த விரல்கள் வெளுத்துப் போயிருந்தன.

"கண்டுபிடிச்சீங்களா?"

அந்த முகத்தைப் பார்த்தால் யாருக்கும் வாயில் வேறு வார்த்தை வராது. அவள் சொன்னாள்:

"ஒரு ஒயர் விட்டிருக்கு சார். உள்ளுக்குள்ள. கோளாறுதான்."

அவர் அப்படியே மகளின் கட்டில்மேல் உட்கார்ந்துவிட்டார். முகத்தை மூடிக்கொண்டார். தோள் குலுங்கியது, சத்தமில்லை. அவள் அந்தப் பக்கம் பாராமல் சால்டரிங் இரும்பைச் சூடு பண்ணினாள். விடாத ஒயரை எடுத்துவிட்டு மறுபடி பற்றவைத்தாள், அவர் பார்க்கும்படி. பிறகு மகளின் கிதாருக்குள்ளே மெல்லிய செப்புத் தகடை ஒட்டிச் சுற்றிலும் அடைத்தாள். அது வெளியிலிருந்து வரும் இரைச்சலை உள்ளே விடாது. இரைச்சலே இல்லையென்றால் நிற்பதற்கு என்ன இருக்கிறது? மூடியைத் திருகி முடுக்கினாள். ஆம்பைப் போட்டாள். சுட்ட தூசி மணம் வந்தது, இரைச்சல் வரவில்லை.

வாசல்வரை வந்து வழியனுப்பினார். இனிமேல் தைரியமாக மகளைத் தேடுவேன் என்றார். இத்தனை நாள் தேடவே பயம், என்ன சேதி வருமோ என்று. அவள் ஸ்கூட்டரைக் கிளப்பினாள். அந்தச் சாலை முழுக்கத் திரும்பிப் பார்க்கவில்லை. வீட்டுக்கு வந்து, இருந்த ரேடியோக்களில் ஒன்றை முதன்முறையாகப் பாட வைத்துவிட்டுப் படுத்தாள்.

சில மாதம் போயிற்று. ஒருநாள் போன். "டிரைவர் பேசறேன்." குரலே வேறாக இருந்தது. மகள் கிடைத்துவிட்டாள். அவளோடு முன்னால் பாடிக்கொண்டிருந்த ஒரு பெண்ணைத் தேடிப் பிடித்து, அவள் மூலம் நம்பர் வாங்கியிருக்கிறார். வேறொரு ஊரில் ஆஸ்பத்திரி வரவேற்பில் வேலை. நன்றாக இருக்கிறாள். ஞாயிறுதோறும் பேசுகிறாளாம். எல்லாம் உங்களால்தான் என்றார். இரைச்சலக்காவுக்கு அன்று முழுக்கச் சோறே வேண்டியிருக்கவில்லை. பொய் சொன்னது நல்லதுக்குத்தான் என்று தோன்றியது. அந்த அறையை மறந்துவிடலாம் என்றும்.

மறுபடி ஒரு போன் வந்தது, சில வாரம் கழித்து. இந்தத் தடவை குரல் இறங்கியிருந்தது. மகள் பேசுகிறாள்தான், ஆனால் வீட்டுக்கு வர மாட்டேன் என்கிறாளாம். ஞாயிற்றுக்கிழமைக்கு நடுவில் ஆறு நாள் இருக்கிறது. வீடு ஊமையாகக் கிடக்கிறது.

"அந்தச் சத்தம் மறுபடி வரணும்னா என்ன பண்ணணும்மா? அந்தத் தகடை எடுத்துட்டா போதுமா?"

எடுக்காதீர்கள் என்றாள். ஏன் என்று கேட்டார். காரணம் சொன்னால் அன்றைக்குச் சொன்ன பொய் உடைந்துவிடும், எடுக்காதீர்கள் என்றே திரும்பச் சொன்னாள். சரிம்மா என்று வைத்துவிட்டார்.

அதற்கப்புறம்தான் ஒரு பெண் கடைக்கு வந்தாள். சாயங்காலம், ஷட்டரைப் பாதி இறக்கியிருந்த நேரம். முப்பது வயதிருக்கும். தோளில் ஒரு பை. டிரைவரின் நெற்றி, டிரைவரின் நிமிர்ந்த நடை. யாரென்று சொல்ல வேண்டியிருக்கவில்லை. ஸ்டூலில் உட்கார்ந்தாள். தண்ணீர் வேண்டாம் என்றாள். ஒரே கேள்வி கேட்டாள்.

"எந்த ஒயர்க்கா விட்டிருந்தது?"

இரைச்சலக்கா சால்டரிங் இரும்பை அணைத்து வைத்தாள்.

"எதுவும் விடல, இல்ல?"

"விடல."

அந்தப் பெண் தோள் பையை இறக்கி மடியில் வைத்துக்கொண்டாள். பிறகு சொன்னாள். பள்ளிக்கூடத்தில் படிக்கும்போதே ஆரம்பித்ததாம். கிதாரைக் கீழே வைத்துவிட்டு எழுதிக்கொண்டிருப்பாள். முதுகுக்குப் பின்னால் இரைச்சல் நிற்கும். முதலில் விளையாட்டாக இருந்தது. பிறகு, அவள் வாசித்து முடித்துக் கையை எடுத்த பிறகும் இரைச்சல் வராது. இவள் கை எடுத்தாயிற்று... இன்னொரு கை எடுக்கவில்லை. அப்பாவிடம் சொன்னாள். கோளாறாக இருக்கும், கடையில் கொடு என்றார். அறையை மாற்றிக்கொள்கிறேன் என்றாள், சிரித்தார். கடைசியில் இந்த வீடே வேண்டாம், வேறு வீடு பார்க்கலாம் என்று அழுதாள். உன் அம்மா வாழ்ந்த வீடு, பைத்தியமா உனக்கு என்று அவர் கத்தினார். அந்தச் சண்டையில்தான் அவள் கிளம்பினாள்.

"அப்பா போன்ல சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறார்க்கா. நான் இல்லாதப்ப தினமும் அதுகிட்ட பேசுவாராம். 'நீதானாம்மா'ன்னு கேப்பாராம். கேட்டதும், ஆமாங்கற மாதிரி, நின்னுடுமாம். ஒரு லூஸ் ஒயர நீன்னு நெனச்சுட்டேன் பாருன்னு சிரிக்கிறார்."

அவள் சிரிக்கவில்லை.

"நான் பல தடவை கேட்டிருக்கேன்க்கா, யாருன்னு. எனக்கு ஒரு தடவை கூட அது பதில் சொன்னதில்ல."

அப்பாவைத் தன்னோடு கூட்டிப்போகத்தான் வந்திருந்தாள். வருகிறேன் என்று சொல்லிக்கொண்டிருந்தவர் இந்த வாரம் போனையே எடுக்கவில்லையாம். அந்த வீட்டுக்குத் தனியாகப் போக அவளால் முடியாது. கூட வருகிறீர்களா என்று கேட்டாள். இரைச்சலக்கா ஷட்டரை முழுக்க இறக்கிப் பூட்டினாள்.

ஸ்கூட்டரில் இரண்டு பேரும் போனார்கள். மதில் வந்தபோது பின்னால் இருந்தவளின் கை இவள் தோளை இறுக்கிப் பிடித்தது. வீடு வருவதற்கு முன்னாலேயே கேட்டுவிட்டது. எஞ்சினை அணைத்தாள். நன்றாகக் கேட்டது.

ம்ம்ம்ம்ம்ம்ம்...

தெருவரைக்கும். ஆம்பை அவ்வளவு சத்தமாக வைத்திருந்தார். கதவு தாழிடாமல் சும்மா சாத்தியிருந்தது. முன்னறையில் ஒரு பெட்டி, துணி அடுக்கி, திறந்தபடி கிடந்தது. கிளம்பத்தான் இருந்திருக்கிறார். பாதி அடுக்கினவர் எழுந்து உள்ளே போயிருக்கிறார்.

உள்ளறை வாசலில் சென்று நின்றார்கள். விளக்கு இல்லை, ஆம்பின் சிவப்பு வெளிச்சம்தான். டிரைவர் நாற்காலியைப் போட்டுக்கொண்டு கிதாருக்கு எதிரில் உட்கார்ந்திருந்தார். தேய்த்த சட்டை இல்லை. முகத்தில் பல நாள் தாடி. காலடியில் கசங்கிய செப்புத் தகடு.

"அப்பா," என்றாள் மகள்.

அவர் திரும்பினார். மகளைப் பார்த்தார். அந்த முகத்தில் ஏதோ ஒன்று எழுந்தது, இரைச்சலக்கா அதைத் தெளிவாகப் பார்த்தாள். நாற்காலியிலிருந்து பாதி எழுந்தும்விட்டார். உதடு அசைந்தது. பிறகு சந்தேகம் வந்தவர் போல நின்றார். மெல்லக் கிதார்ப் பக்கம் திரும்பினார். ரொம்ப அன்பாக, தூங்கும் குழந்தையிடம் கேட்பது போல, கேட்டார்:

"ஏம்மா... யாரோ வந்திருக்காங்க. என்னை அப்பாங்கறாங்க. இவங்க என் பொண்ணா?"

காத்திருந்தார்.

ம்ம்ம்ம்ம்ம்ம்...

நிற்கவில்லை.

மகள் ஓடிப்போய் அவர் காலடியில் உட்கார்ந்தாள். அவர் கையைப் பிடித்தாள். அப்பா, நான்தான்ப்பா, என்னைப் பாருங்க என்றாள். சின்ன வயதில் அவர் பஸ்ஸில் முன்சீட்டில் உட்கார்ந்து போனதைச் சொன்னாள். அவர் தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டே இருந்தார். ஆனால் பார்வை கிதாரை விட்டு அசையவில்லை.

"இன்னொரு தடவை கேக்கறேன். இவங்க என் பொண்ணா?"

அப்போது இரைச்சலக்காவுக்குத் தோன்றியது. ஒரு தடவை பொய் சொல்லி இவரைப் பிழைக்க வைத்தாயிற்று. இன்னொரு பொய்தானே. சத்தம் நின்றால் போதும், நம்பிவிடுவார். இருட்டில் அவருக்குத் தெரியாது. சுவரோரமாகவே நகர்ந்து கிதாரின் பக்கம் போனாள். அந்தப் பூட்டிய பெட்டி வாடை. முட்டியிட்டாள். கையை நீட்டி, ஆறு கம்பிமேலும் உள்ளங்கையை அழுத்தி வைத்தாள்.

கம்பி அவள் தோலில் பதிந்தது. அவள் தொழிலில் இதைவிட நிச்சயமான விஷயம் கிடையாது. கை பட்டால் இரைச்சல் அடங்கும். அடங்கியே ஆகவேண்டும்.

ம்ம்ம்ம்ம்ம்ம்ம்ம்...

இன்னும் அழுத்தினாள். இரண்டு கையையும் வைத்தாள். அவள் கைக்கு அடியிலேயே அது இரைந்துகொண்டிருந்தது, ஒரு துளிகூடக் குறையாமல்.

டிரைவர் மகளின் கையிலிருந்து தன் கையை மெதுவாக விடுவித்துக்கொண்டார். எழுந்து நின்றார். அந்நியப் பயணியிடம் பேசுகிற மரியாதையோடு பேசினார்.

"வீடு மாறி வந்துட்டீங்க போலிருக்கும்மா. பரவால்ல. இருட்டிடுச்சு, பார்த்துப் போங்க."

வாசல்வரை வந்து வழியனுப்பினார். கதவைச் சாத்தினார். இந்தத் தடவை தாழ் விழுந்தது. இரண்டு பெண்களும் வாசல் மண்ணில் அப்படியே நின்றார்கள். மகள் அழவில்லை. சாத்திய கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள். உள்ளே அவருடைய காலடி, முன்னறையைக் கடந்து, உள்ளறைக்குப் போயிற்று. நாற்காலி நகரும் சத்தம். பிறகு அவர் குரல், தணிவாக, நிம்மதியாக:

"போயிட்டாங்கம்மா."

சர்ர்...

இரைச்சல் நின்றது.